எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு பழைய கார்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காரோட்டில் வாழும் நம் அன்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மார்த்தாண்டத்தைச் சேர்ந்தவர், தொழிலின் பொருட்டுப் பெயர்ந்து வந்து பத்தாண்டுகளாகக் காரோட்டில் குடியிருப்பவர். வயது முதிர்ந்த தாயாரை மாதம் இருமுறை திருவனந்தபுரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பேருந்தில் ஏற்றி இறக்க முடியவில்லை. வாடகைக் காருக்குக் கொடுத்து மாளவில்லை. ஆகவே சிறிய பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று எண்ணி, எல்லைக்கு அப்பால் தம் சொந்த ஊர்ப் பக்கம் ஒன்றைப் பார்த்தும் வைத்துவிட்டார்.

“கார் கண்ணாடி போல இருக்கிறது அண்ணாச்சி. பாறசாலையில் கேட்ட விலையைவிட நாற்பதாயிரம் குறைவு. நாளைக் காலைக்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் வேறொருவர் கொண்டுபோய் விடுவார் என்கிறார் தரகர்” என்றார்.

“பதிவுச் சான்றைப் பார்த்தீர்களா?” என்று கேட்டோம்.

“அதெல்லாம் சரியாக இருக்கிறதாம்” என்றார். அந்த ‘ஆம்’ என்ற ஈரெழுத்திலேதான் நம்மவர் பலருடைய சேமிப்பு கரைந்து போகின்றது. அன்பர் அன்றிரவு நம்முடன் நெடுநேரம் அமர்ந்து பேசினார். அப்பேச்சின் சாரத்தை, இதே நிலையிலுள்ள மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதி, இங்கே எழுதுகின்றோம்.

காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய பகுதிகளில் வாழ்வோருக்கு எல்லை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு, அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபொழுது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கொண்டான் கொடுத்தான் உறவு இரு பக்கமும் இருக்கிறது. சந்தையும் கோயிலும் தேவாலயமும் இரு பக்கமும் இருக்கின்றன. களியக்காவிளையில் காய்கறி வாங்கிக்கொண்டு பாறசாலையில் ரயிலேறுபவர்கள் நாம். காய்கறிக்கும் மனிதருக்கும் கோடு தெரியாது. ஆனால் மோட்டார் வண்டிக்குத் தெரியும். டி.என். 74 என்பது நாகர்கோவில், டி.என். 75 என்பது மார்த்தாண்டம், கே.எல். 19 என்பது பாறசாலை, கே.எல். 20 என்பது நெய்யாற்றின்கரை. இந்தக் குறிகளுக்குள்ளேதான் ஒரு காரின் உண்மையான விலை ஒளிந்திருக்கிறது.

ஆதலால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் ஏட்டைப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து. எஞ்சின் கெட்டால் பணம் கொடுத்துச் செப்பனிடலாம். ஏடு கெட்டால், யாரிடம் பணம் கொடுப்பது என்பதே தெரியாமற் போகும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த மாநிலத்தின் புதிய பதிவு எண் பெற வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. அதற்கு முதற்படி, பழைய பதிவு அலுவலகம் தரும் தடையின்மைச் சான்று, என்.ஓ.சி. என்றால் எல்லாரும் அறிவர். படிவம் 28 என்பது இதற்குரியது. வண்டியின் மேல் வரிப்பாக்கியோ, வழக்கோ, தீராத அபராதமோ இருந்தால் அச்சான்று எளிதில் வாராது. பன்னிரண்டு மாதம் என்ற சொல்லைக் கேட்டதும், “ஓராண்டு சும்மா ஓட்டலாம்” என்று தரகர்கள் சொல்வதுண்டு. பதிவு எண்ணுக்குச் சட்டம் தரும் காலம் வேறு. கேரளத்துச் சாலை வரிக்கு உரிய காலம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு சோதனையில் அகப்பட்டவர்களை நாம் அறிவோம். மேலும், காரை விலைக்கு வாங்கியவர் முப்பது நாளுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு தனியே கூறுகிறது.

வரியின் கணக்கு இவ்வாறு. கேரளத்துக்குக் கொண்டுவரும் காருக்கு, அது முதலில் வாங்கப்பட்ட விலையையும் அதன் அகவையையும் வைத்து எஞ்சிய காலத்துக்கு வரி விதிப்பர். நாம் கொடுத்த பழைய விலை அங்கே செல்லாது. எனவே, புதிதாக இருந்தபொழுது விலையுயர்ந்த காரொன்று இன்று மலிவாகக் கிடைத்தாலும், வரி அதன் பழைய பெருமையை நினைத்தே வரும்! தமிழ்நாட்டில் முன்னர்க் கட்டிய ஆயுள் வரியில் மீதிக்காலப் பங்கைத் திருப்பிக் கேட்கலாமே என்பர். கேட்கலாம், ஆனால் அது கைக்கு வந்தபின் எண்ணிக்கொள்ள வேண்டிய பணமேயன்றி, விலை பேசும்பொழுது கழித்துக்கொள்ள வேண்டிய பணம் அன்று. பாறசாலை அலுவலகத்திலோ நெய்யாற்றின்கரை அலுவலகத்திலோ காரின் ஆண்டையும் முதல் விலையையும் சொல்லி, வரி எவ்வளவு ஆகும் என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். நம் அன்பருக்குத் தரகர் காட்டிய நாற்பதாயிரம் ரூபாய் இலாபம், இக்கணக்கைப் போட்டபின் எவ்வளவு மிஞ்சும் என்பதை அவரே ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை.

இங்கே ஒரு குறுக்கு வழி எல்லாருக்கும் தோன்றும். “மாமன் வீடு அருமனையில் இருக்கிறது, மச்சினன் குழித்துறையில் இருக்கிறான். அவர்கள் பெயரில், அவர்கள் முகவரியில் வைத்துக்கொண்டால் வரியும் இல்லை, அலைச்சலும் இல்லை” என்பதே அது. எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இது மிக எளிது என்பதாலேயே மிக ஆபத்தானது. சட்டத்தின் பார்வையில் அந்தக் கார் மச்சினனுடையது. அவர் கடன் பட்டால் அவருடைய சொத்துக்களுள் அதுவும் ஒன்று. அவர் காலமானால் அது அவருடைய வாரிசுகளுக்கு உரியது. நீங்கள் ஓட்டிச் சென்று ஒருவர் மேல் மோதினாலோ, நீதிமன்றம் தேடிச் செல்வது குழித்துறைக்கு.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. வடநாட்டில் ஒருவர் 2007-இல் தம் காரை விற்றார். பதிவில் பெயரை மாற்றவில்லை. அந்தக் கார் அடுத்தடுத்துப் பல கைகள் மாறியது. 2009-இல் அது மோதி ஓர் உயிர் போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 பிப்ரவரியில், நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற அவ்வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று தீர்ப்பாயிற்று. காரை விற்றுப் பல ஆண்டுகள் ஆனவர் அவர்! ஆகவே வாங்குபவருக்கு மட்டுமன்று, விற்பவருக்கும் பெயர்மாற்றம் உயிர்நிலை. நம் குடும்பங்களில் வெளிநாடு செல்லும்பொழுது பழைய காரை அவசரமாக ஒருவரிடம் தள்ளிவிட்டு, கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களையும் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவோர் உளர். அவர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும்.

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நாமும் எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு கார் வாங்கினோம். நல்ல கார், அதன்மேல் இன்றும் நமக்குக் குறையில்லை. பதிவுச் சான்றின் ஓரத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்ததை, “அது என்றோ கட்டி முடிந்த கடன்” என்ற சொல்லை நம்பி விட்டுவிட்டோம். கடன் கட்டி முடிந்தது உண்மையே. ஆனால் அதனை நீக்குவதற்குரிய படிவம் 35-ஐ எவரும் வாங்கி வைக்கவில்லை. அந்த நிறுவனம் வேறொன்றோடு இணைந்து, கிளையும் மூடப்பட்டு, பழைய கணக்கைத் தேடி எடுக்க ஏழு மாதம் ஆயிற்று. ஏழு மாதமும் கார் நம் முற்றத்தில் மாமரத்து நிழலில் நின்றது. இலைகளைப் பெருக்கியதுதான் மிச்சம்.

ஆகவே பதிவுச் சான்றைக் கையில் வாங்கியதும் நான்கைந்து இடங்களில் கண் செல்ல வேண்டும். உரிமையாளர் பெயரும், நம்முன் நின்று விற்பவர் பெயரும் ஒன்றா? உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு பெயருக்கு மாறிய பின்பே நாம் வாங்க வேண்டும். “பிள்ளைகள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள்” என்பது போதாது. கடன் குறிப்பு இருக்கிறதா? எத்தனையாவது கை? முதற் பதிவு நாள் எது? சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை ஒன்றிய அரசு 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. பதினான்கு வயதுக் கார் மலிவாக வருவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. இவற்றையெல்லாம் தரகரின் வாய்மொழியில் அறிய வேண்டியதில்லை. ஒன்றிய அரசின் பரிவாகன் தளத்திலும் அதன் கைப்பேசிச் செயலியிலும் வண்டி எண்ணைக் கொடுத்தால், பதிவு நாள், காப்பீட்டின் முடிவு நாள், கடன் குறிப்பு முதலியன தெரியும். செலுத்தாத அபராதங்களையும் பார்க்கலாம். வீட்டிலுள்ள கல்லூரிப் பிள்ளையிடம் சொன்னால் தேநீர் ஆறுவதற்குள் பார்த்துச் சொல்லிவிடும். பிறகு காரின் முன்மூடியைத் திறந்து, அடிச்சட்டத்தில் பொறித்துள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சான்றிலுள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். அங்கே அரம் தேய்த்த அடையாளம் இருந்தால் மறுபேச்சின்றித் திரும்பிவிடுங்கள்.

தொலைவிலிருந்து வரும் கார்களில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். புதுச்சேரியில் இல்லாத முகவரி காட்டிப் பதிவு செய்து, கேரளத்து வரியைத் தவிர்த்த விலையுயர்ந்த கார்கள் 2017-இல் பெரும் வழக்காயின. 2025 செப்டம்பரில் சுங்கத்துறையினர் ‘நும்கோர்’ என்ற பெயரில் கேரளமெங்கும் சோதனையிட்டு, பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்டவை என்ற ஐயத்தின்மேல் பல பழைய கார்களைக் கைப்பற்றினர். பெரும்புள்ளிகள் வழக்கறிஞர் வைத்து வாதாடுவர். ஒரே காரில் சேமிப்பு முழுவதையும் போட்ட குடும்பம் என் செய்யும்? டில்லிக் கார்களின் கதை வேறு. அங்கே பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் விதிக்கப்பட்ட தடையினால், நல்ல நிலையிலுள்ளவையும் தெற்கே மலிவாக வந்தன. அவற்றுள் நேர்மையானவையும் உண்டு. ஆயினும் நெடுந்தொலைவிலுள்ள ஒரு பதிவு அலுவலகத்தோடு மல்லுக்கு நிற்க நம் குடும்பங்களால் ஆகாது என்பது நம் எண்ணம்.

இனிக் காருக்கு வருவோம்.

காலையில், எஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும் வேளையில் போய்ப் பார்க்க வேண்டும். நாம் போவதற்குள் விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். முதல் முயற்சியிலேயே எஞ்சின் உயிர்பெறுகிறதா, சைலன்சரில் வரும் புகை எந்நிறம் என்று பாருங்கள். நீலப்புகை எஞ்சின் ஆயிலைத் தின்கிறது என்பதற்கும், விடாது வரும் அடர்ந்த வெண்புகை குளிர்நீர் உள்ளே கசிகிறது என்பதற்கும், கரும்புகை எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதற்கும் அடையாளம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் போன்ற கசடு படிந்திருக்கலாகாது. மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று சொல்லும். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருக்கும். நாம் மிதியையே நம்புவோம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. மூன்றாண்டுக் காருக்கு ஏழாண்டு டயர் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

நம் பகுதிக்கே உரிய குறைகள் இரண்டு உண்டு. ஒன்று உப்புக்காற்று. பொழியூர் முதலிய கடற்கரைப் பகுதிகளில் நின்ற கார்கள் மேலே பளபளக்கும்; அடியில் அரித்திருக்கும். குனிந்து, கைவிளக்கால் அடித்தட்டைப் பாருங்கள்; கதவின் கீழ்விளிம்பை விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தால் ஏன் பூசினர் என்று எண்ணுங்கள். மற்றொன்று வளைகுடாக் கார். அதாவது, சொந்தக்காரர் வளைகுடா நாட்டிலிருக்க, ஆண்டுக்கு ஒரு மாதம் ஓடி, பதினொரு மாதம் உறைபோட்டு நிற்கும் கார். “ஓடவே இல்லை” என்று விற்பர். ஓடாமையே அதன் நோய். ரப்பர்க் குழாய்கள் இறுகி வெடித்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், பிரேக் தட்டுகள் துருவேறியிருக்கும், எலி கம்பியைக் கடித்திருக்கும். இக்குறைகளெல்லாம் தீரக்கூடியனவே, செலவை விலையில் குறைத்துக்கொண்டால் இத்தகைய கார் நல்ல கொள்முதலாகவும் ஆகும்.

தீராதது வெள்ளத்தில் மூழ்கிய கார். 2015 டிசம்பரில் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையும், பின் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளும் நீரில் மூழ்கின. மூழ்கியவற்றைக் கழுவித் துடைத்து, வெள்ளம் காணாத ஊரில் விற்பது வழக்கமான தந்திரம். இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்து அதன் கடைசி முழத்தைப் பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் சேற்றின் கறை அங்கே தங்கும். இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண், முன்விளக்கினுள் நீர்ப்படலம், தரைவிரிப்பைத் தூக்கினால் ஒரு மக்கிய நாற்றம். இவற்றில் இரண்டு சேர்ந்தால் போதும். இக்காலத்துக் கார்களில் மின்கம்பிகளே நரம்புகள். நனைந்த நரம்பு ஓராண்டு கழித்தும் தளரும்.

எந்தக் கார் என்று கேட்பவர்களுக்கு நாம் ஒன்றே சொல்வோம்: நம்மூர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய கார். செவர்லே கார்களின் விற்பனை இந்தியாவில் 2017-இன் இறுதியோடு நின்றது. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அவை கெட்ட கார்கள் அல்ல; உறுதியில் சில மிகச் சிறந்தவை. ஆனால் உதிரிப்பாகம் ஒன்றுக்காக மூன்று வாரம் காத்திருக்கும் நிலை நேர்ந்தால், அம்மாவை மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வது? மலிவு வேறு, பயன் வேறு. நம் அன்பர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் பார்த்து வைத்திருந்தது அப்படிப்பட்ட கார்களுள் ஒன்று.

மெக்கானிக்கைப் பற்றி ஒரு சொல். தரகர் அழைத்து வருபவர் தரகரின் மெக்கானிக். நாமே ஒருவரை, அவருடைய ஒருநாட் கூலியைக் கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை வந்துள்ள புறவழிச் சாலை வேகத்தையும் சக்கரங்களின் நேரையும் சோதிக்க ஏற்றது. ஆனால் கிளட்ச்சையும் கியரையும் சோதிக்க நம்மூர் ஏற்ற இறக்கச் சந்துகளே ஏற்றவை. இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஓட்ட விடாதவரிடம் வாங்காதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, கையில் இரண்டரை இலட்சம் வைத்திருப்பவர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட காரைப் பார்க்கவே கூடாது. எஞ்சியது வரிக்கும் டயருக்கும் பேட்டரிக்கும் காப்பீட்டுக்கும் போய்விடும். இருவர் தமக்குள் நேராக விற்று வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை, பதிவு பெற்ற வணிகர்கள் தம் இலாபப் பகுதியின் மேல் 18 விழுக்காடு கட்ட வேண்டுமென்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் முடிவு செய்தது. பழைய கார் வணிகர்கள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதியும் 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அச்சான்றைக் காட்டும்படி கேட்பதில் வெட்கம் வேண்டா.

காப்பீட்டையும் மறந்துவிடலாகாது. வாங்கிய பதினான்கு நாளுக்குள் அதைத் தம் பெயருக்கு மாற்றும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பிறருக்கு நேரும் இழப்புக்கான பகுதி காரோடு வரும். நம் காருக்கு நேரும் சேதத்துக்கான பகுதி, நிறுவனம் நம் பெயரை ஏற்றுக்கொண்டால்தான் நமக்குப் பயன்படும். விபத்தின்றி ஓட்டியதற்காகப் பழைய உரிமையாளர் பெற்ற சலுகை அவருக்கே உரியது. அதையும் சேர்த்து விற்பதாகச் சொன்னால் நம்பற்க.

அன்பர் எழுந்தபொழுது மணி பத்தைத் தாண்டிவிட்டது. வாசலிலேயே நின்று தரகரைத் தொலைபேசியில் அழைத்து, “தடையின்மைச் சான்று எடுத்துக் கையில் கொடுங்கள், முழுப்பணமும் அன்றே தருகிறேன். அதற்குமுன் முன்பணம் இல்லை” என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, நாம் கேட்கவில்லை. மறுநாள் அந்தக் கார் வேறொருவருக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. இப்பொழுது செங்கலில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கே.எல். 20 எண்ணுள்ள தம் ஒன்பதாண்டுச் சிறு காரை விற்க எண்ணியிருக்கிறார். முதற்கை, கடன் இல்லை, செப்பனிட்ட சீட்டுகள் யாவும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறாராம். அன்பர் வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுதே, மெக்கானிக்கோடு அங்கே போகிறார். நம்மையும் உடன் வரும்படி அழைத்திருக்கிறார்.